ஃபெர்னாண்டோ போ ஜூனியர் நல்ல நடிகரா, வெறும் நட்சத்திரமா?

கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பிலிப்பைன்ஸ் நடிகர் ஃபெர்னாண்டோ போ ஜூனியர் யார்? அதிபர் தேர்தலில் தோற்றுப்போன ஒருவருக்கு, இறந்து 20 ஆண்டுகள் கடந்தும் அங்கே ஏன் இவ்வளவு மவுசு? அவர் நிஜமாகவே நல்ல நடிகரா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விதவிதமான வேஷம் கட்டும் நடிகரா என்று கேட்டால், இல்லை. ஏறக்குறைய 50 ஆண்டுகள் அவர் நடித்தது ஒரே ஆளைத்தான். அதிகம் பேசாத, தலையைக் குனிந்தபடி நடக்கிற, அடி வாங்கி வாங்கிக் கடைசியில் திருப்பி அடிக்கிற ஒரு ஏழை. அந்த ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவாக்கியதும், அவனுக்காகக் கம்பெனி தொடங்கியதும், பல படங்களில் கேமராவுக்குப் பின்னால் நின்று அவனை இயக்கியதும் அவரேதான். அதனால் நடிப்பை மட்டும் தனியாகப் பிரித்து மதிப்பெண் போட்டால் கணக்கு தப்பிவிடும்.

அந்த ஏழைக்கும் அவருக்கும் பிறப்பில் ஒட்டுறவே கிடையாது. 1939 ஆகஸ்ட் 20இல் மணிலாவில் பிறந்தபோது வைத்த பெயர் ரொனால்ட் ஆலன் கெல்லி போ. வீட்டிலும் நண்பர்கள் நடுவிலும் கடைசிவரை ரோனி. அப்பா ஃபெர்னாண்டோ போ போருக்கு முந்தைய காலத்திலேயே பெரிய ஸ்டார். தெற்குத் தீவுகளை வைத்து 1937இல் வந்த ‘சம்போவாங்கா’வின் நாயகன் அவர்தான். பிலிப்பைன்ஸில் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அந்தப் படத்தின் பிரதி பல பத்தாண்டுகள் கழித்து ஃபின்லாந்தில் கிடைத்தது. அம்மா எலிசபெத் கெல்லி அமெரிக்கப் பூர்வீகம் கொண்டவர். தாத்தா லொரென்சோ போவு ஸ்பானிய வம்சாவளி நாடகக்காரர். ‘போவு’ என்ற குடும்பப் பெயர்தான் பின்னால் ‘போ’ ஆனது. இந்த வம்ச விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 2004இல் நீதிமன்றம் வரை போகப்போகிறது.

1951இல் அப்பா இறந்தார். பிலிப்பைன்ஸின் புகழ்பெற்ற சித்திரக்கதை நாயகி டார்னாவை முதன்முதலில் படமாக்கியவர் அவர். அந்தப் படம் வந்த அதே ஆண்டு நாய்க்குட்டி ஒன்று கடித்து, ரேபிஸ் கண்டு போய்விட்டார். 35 வயதுகூட முடியவில்லை. ரோனிக்கு அப்போது 12 வயது. உடன்பிறந்தவர்களோடு சேர்த்து வீட்டில் ஆறு பிள்ளைகள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு சினிமா கம்பெனியில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற எடுபிடியாகச் சேர்ந்தார். அங்கிருந்து ஸ்டன்ட் ஆள். பிறகு 1955இல் ‘அனாக் நி பாலாரிஸ்’ படத்தில் முதல் வாய்ப்பு. படம் ஓடவில்லை.

பெயர் மாறியது இந்தக் கட்டத்தில்தான். செத்துப்போன அப்பாவின் பெயருக்கு இன்னும் மார்க்கெட் இருந்தது. அந்தப் பெயரை உண்மையில் பெற்றிருந்தவர் தம்பி ஆண்டி. தம்பியின் பெயரை அண்ணன் எடுத்துக்கொண்டு ‘ஃபெர்னாண்டோ போ ஜூனியர்’ ஆனார். தம்பியும் பின்னால் சினிமாவுக்கு வந்தார், ஆனால் ஆண்டி போ என்ற பெயரில்.

1950களின் இரண்டாம் பாதியில் வந்த ‘லோ வெய்ஸ்ட் கேங்’ அவரைத் தூக்கி நிறுத்தியது. இடுப்புக்குக் கீழே இறக்கி ஜீன்ஸ் போட்ட தெருப் பையன்களின் கூட்டம், சண்டை, கிண்டல், அவ்வளவுதான் கதை. மணிலாப் பையன்கள் எல்லாம் ஜீன்ஸை இறக்கிவிட்டுக்கொண்டு அலைந்தார்கள். தொடர்ச்சியாக மேலும் சில படங்கள் வந்தன. இன்று பார்த்தால் அவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஃபெர்னாண்டோ போ ஜூனியரின் சுருக்கமான எஃப்.பி.ஜே. என்ற மூன்றெழுத்து அங்கிருந்துதான் பிறந்தது.

என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையின் முக்கியமான ஆண்டு 1961. அப்போது பிலிப்பைன்ஸ் சினிமாவில் பழைய ஸ்டூடியோ முறை குலைந்துகொண்டிருந்தது. 1950களில் எல்விஎன், சம்பகீத்தா, பிரீமியர், லெப்ரான் என்ற நான்கு கம்பெனிகள் நடிகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு தொழிலையே ஆண்டன. தொழிலாளர் பிரச்சினையும் செலவும் அவற்றை ஒவ்வொன்றாகச் சாய்த்தன. எல்விஎன் 1961இல் படத் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதே ஆண்டில், 22 வயதுகூட முழுசாக ஆகியிராத இந்தப் பையன் எஃப்.பி.ஜே. புரொடக்‌ஷன்ஸைத் தொடங்கினார். இன்னொரு கம்பெனிக்கு ‘டிலனோர்’ என்று பெயர். ரொனால்டைத் தலைகீழாக எழுதினால் அது வரும். இயக்கும்போது ‘ரொன்வால்டோ ரேயெஸ்’ என்று பெயர் போட்டுக்கொண்டார். திரையில் ஒரு பெயர், இயக்கத்துக்கு ஒரு பெயர், கம்பெனிக்கு ஒரு பெயர். டைட்டில் கார்டைப் பார்க்கிறவருக்கு நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த படம் போலத் தெரியும், பாதிப் பேர் அவரே.

சொந்தக் கம்பெனி என்பதால் என்ன லாபம்? கதையில் கை வைக்க வெளியாள் கிடையாது. தன் நாயகன் எப்போது அடி வாங்க வேண்டும், எப்போது அடிக்க வேண்டும், அம்மாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. வில்லன் பாக்கீத்தோ டியாஸ், மேக்ஸ் அல்வராடோ, கூடவே சுற்றுகிற டென்சியோ பாடில்லா, பெர்ட்டிங் லாப்ரா என்று ஒரு பட்டாளத்தைப் படத்துக்குப் படம் வைத்துக்கொண்டார். பாக்கீத்தோ டியாஸ் அவரிடம் எத்தனை படங்களில் உதை வாங்கினார் என்று எண்ணுவது வீண் வேலை. தன் படங்களின் நெகட்டிவ்களையும் பத்திரமாகப் பாதுகாத்தார். போருக்கு முந்தைய படங்களில் விரல் விட்டு எண்ணக்கூடியவையே மிஞ்சிய ஒரு நாட்டில் இது சாதாரணக் காரியமில்லை. அவர் படங்கள் இன்றும் டிவியில் துலக்கமாக ஓடுவதற்கு இதுவே காரணம்.

1960களில் தொழிலுக்குள் இன்னொரு தொல்லை இருந்தது. நடிகர்களையும் தயாரிப்பாளர்களையும் மிரட்டி மாமூல் வசூலித்த ரவுடிக் கும்பல்கள். அவற்றுக்கு எதிராகத் துணிந்து சாட்சி சொன்னவர்களில் இவரும் இவருடைய உயிர் நண்பர், நடிகர் ஜோசஃப் எஸ்ட்ராடாவும் உண்டு. திரையில் செய்ததை வெளியிலும் செய்கிறார் என்ற பேர் அப்போதே வந்துவிட்டது. யாருக்கும் சொல்லாமல் உதவி செய்வார் என்ற பேச்சும் கடைசிவரை உண்டு. உதவி வாங்கியவர்கள் பலர் அவர் இறந்த பிறகுதான் வாய் திறந்தார்கள்.

அவர் படங்களின் கட்டுமானம் எளிது. முதல் பாதி முழுக்கப் பொறுமை. பணக்காரனோ போலீஸோ கவர்னரோ யாரோ ஒருவர் அவரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் நசுக்குவார்கள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போய்விடுவார். பிறகு ஒரு புள்ளியில் தாங்காது. அப்போது வரும் சண்டைக்குத்தான் கொட்டகை காத்திருக்கும். எதிராளியின் வயிற்றில் இரண்டு கையாலும் மெஷின்கன் போலப் படபடவென்று விழும் குத்துகள் அவருடைய முத்திரை. பிலிப்பைன்ஸில் எந்தச் சிறுவனும் அதைச் செய்து காட்டுவான். 1987இல் வந்த ‘காப்பாக் புனோ நா ஆங் சாலோப்’ இந்தச் சூத்திரத்தைத் தலைப்பிலேயே சொல்கிறது. அரிசி அளக்கும் படி நிரம்பி வழிந்தால் மேலே இருப்பதை வழித்துத் தள்ளத்தான் வேண்டும் என்ற, பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழிச் சொலவடை அது. அதில் எடி கார்சியா ஊழல் நீதிபதியாக வருவார். நடிப்பில் எஃப்.பி.ஜே.யைவிட அவர்தான் ஒரு படி மேல் என்பது என் கருத்து. அவருக்கு அவ்வளவு இடம் விட்டுக்கொடுத்தது எஃப்.பி.ஜே.யின் பெருந்தன்மை.

சூத்திரப் படங்கள் ஏராளம், அவற்றை வரிசையாகச் சொல்லிப் பயனில்லை. நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றில் முதலாவது 1971இல் செல்சோ ஆட். காஸ்தியோ இயக்கிய ‘ஆசெடில்லோ’. 1930களில் லாகுனா மாகாணத்தில் உண்மையாக வாழ்ந்த தெயோடோரோ ஆசெடில்லோவின் கதை. பள்ளி வாத்தியார். அமெரிக்க ஆட்சிக்காலப் பள்ளியில் ஆங்கிலத்தைத் திணித்ததை எதிர்த்து வேலை இழந்தவர். பிறகு தொழிற்சங்கம், வேலைநிறுத்தம், அதற்குப் பிறகு மலைக்காட்டில் தலைமறைவு. 1935இன் கடைசி நாளில் அரசுப் படை அவரைச் சுட்டுக் கொன்றது. படத்திலும் நாயகன் சாகிறான். வழக்கமாக எஃப்.பி.ஜே. படத்தில் நாயகன் செத்தால் ரசிகர்கள் பொறுக்க மாட்டார்கள். தெற்கே ஒரு கொட்டகையில் அவர் சாகும் காட்சியைப் பார்த்துத் திரையையே துப்பாக்கியால் சுட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, அப்படி ஒரு கதையை நம்புகிற அளவுக்கு அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். ‘ஆசெடில்லோ’வை அவர்கள் ஏற்றுக்கொண்டதற்கு, அதில் அவர் அடிக்கிறவராக மட்டும் இல்லாமல் பேச வேண்டியதைப் பேசுகிறவராகவும் இருந்தது காரணம் என்று நினைக்கிறேன். மாணவர் போராட்டங்களால் மணிலா கொதித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. அடுத்த ஆண்டே அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார்.

‘ஆசெடில்லோ’வுக்கு ஓராண்டு முன்னால், அப்போதுதான் இயக்கத் தொடங்கியிருந்த லினோ ப்ரோக்காவின் ‘சாந்தியாகோ!’வில் நடித்தார். ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் மனசாட்சி உறுத்திக் கொரில்லாப் படையை விட்டு விலகும் ஒருவன். வீரனாக நிற்காமல் குற்ற உணர்ச்சியோடு குறுகிப்போகிற எஃப்.பி.ஜே.யை இதில் பார்க்கலாம். 1980இல் எடி ரொமேரோவின் ‘அகிலா’ வந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி நாட்டின் வரலாற்றை ஒரு குடும்பத்தின் வழியாகச் சொல்கிறது. காணாமல்போன அப்பா டேனியல் அகிலாவாக அவர், தேடுகிற மகனாகக் கிறிஸ்டோஃபர் டி லியோன். வயதான தோற்றத்தில் அவர் மௌனமாக உட்கார்ந்திருக்கும் இடங்களில், இத்தனை ஆண்டுகள் இந்த ஆளை வெறும் குத்துக்கே பயன்படுத்திவிட்டார்களே என்று தோன்றும். பயன்படுத்தியதும் அவரேதான் என்பது வேறு விஷயம்.

அதே 1980இல்தான் ‘ஆங் பண்டாய்’. கார்லோ ஜே. காப்பாரஸ் எழுதிய சித்திரக்கதை. ஃபிளாவியோ என்ற கொல்லன், வானத்திலிருந்து விழுந்த எரிகல்லை உருக்கி ஒரு குறுவாள் அடிக்கிறான். தூக்கிப் பிடித்தால் அது நீண்ட வாளாகும். எதிரி கொடுங்கோலன் லிசார்டோ. தந்திரக் காட்சிகளை இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் உலைக்களத்தில் சம்மட்டி பிடித்து நிற்கும் ஒரு தொழிலாளியை நாட்டின் பெரிய மாயாஜால நாயகனாக ஆக்கியது சாமர்த்தியம். படம் பெரும் வெற்றி. 1984க்குள் மேலும் மூன்று பாகங்கள் வந்தன. பெரும்பாலான குழந்தைகளுக்கு அவர் எஃப்.பி.ஜே. இல்லை, பண்டாய்தான்.

விருதுகளைப் பொறுத்தவரை, பிலிப்பைன்ஸின் சினிமா விருதான ஃபாமாஸில் சிறந்த நடிகர் விருதை ஐந்து முறை வாங்கினார். ஐந்து முறை வென்றவரை அதன்பின் போட்டியில் சேர்க்காமல் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் வைப்பது அவர்கள் வழக்கம். ‘ஆசெடில்லோ’வுக்கும் ‘முஸ்லிம் .357’க்கும் கிடைத்தவை அதில் அடக்கம். பெரும்பான்மை கத்தோலிக்கர்கள் வாழும் நாட்டில் ஒரு முஸ்லிம் போலீஸ்காரனை நாயகனாக வைத்து மசாலாப் படம் எடுத்தது, தெற்கே மிந்தனாவோ முஸ்லிம்கள் நடுவில் அவருக்குத் தனிச் செல்வாக்கைத் தந்தது.

1968 டிசம்பரில் நடிகை சூசன் ரோசெஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றைய அதிபர் மார்கோஸும் அவர் மனைவி இமெல்டாவும் அந்தத் திருமணத்தின் ஞானப்பெற்றோர். அதே ஆண்டு செப்டம்பரில் இலோயிலோ நகரின் ஹாரோ தேவாலயத்தில் தீர்த்தத் தொட்டியில் ஒரு பெண்குழந்தையை யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் குழந்தைதான் பின்னால் இந்தத் தம்பதியின் தத்து மகளான கிரேஸ் போ. வேறு உறவுகளில் அவருக்குப் பிள்ளைகள் உண்டு. நடிகை லவி போ அவர்களில் ஒருவர்.

இனி அரசியல். நண்பர் எஸ்ட்ராடா 1998இல் அதிபரானார். 2001 ஜனவரியில் ஊழல் புகாரில் மக்கள் எழுச்சி அவரை இறக்க, துணை அதிபர் குளோரியா மகபகால் அரோயோ பதவிக்கு வந்தார். எஸ்ட்ராடாவை நேசித்த ஏழைகளுக்கு அது தங்கள் ஓட்டைப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. எந்தப் பதவியிலும் இருந்திராத எஃப்.பி.ஜே. 2003 நவம்பரில் போட்டியை அறிவித்தார்.

உடனே வழக்கு வந்தது. இவர் பிறப்பால் பிலிப்பைன்ஸ் குடிமகனே இல்லை, அப்பா ஸ்பானியர், அம்மா அமெரிக்கர், அவர்கள் கல்யாணம் செய்துகொண்டது 1940இல், இவர் பிறந்தது 1939இல், ஆகவே முறையான பிள்ளையும் இல்லை என்றார்கள். வழக்கு தாத்தா லொரென்சோ வரை போனது. 1954இல் பங்காசினானில் 84 வயதில் இறந்ததாக அவருடைய இறப்புச் சான்றிதழ் சொல்கிறது. அப்படியானால் ஸ்பானிய ஆட்சிக்காலத்திலேயே அவர் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், 1902ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்போது அங்கிருந்தவர்களோடு சேர்ந்து அவரும் பிலிப்பைன்ஸ் குடிமகன் ஆகியிருக்க வேண்டும். அவர் வழியாக மகனும் அப்படியே. 1935ஆம் ஆண்டு அரசியல் சாசனம், அப்பா குடிமகன் என்றால் பிள்ளையும் குடிமகன் என்கிறது. முறைப்படி பிறந்த பிள்ளையா என்று அது கேட்பதில்லை. 2004 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவர் நிற்கலாம் என்றது.

வேட்பாளராக அவர் சோபிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். விவாதங்களைத் தவிர்த்தார், கொள்கை கேட்டால் சுருக்கமாக முடித்தார். திரையில் அவரைத் தூக்கிய மௌனம், மேடையில் தயாரில்லாதவர் என்ற எண்ணத்தைத் தந்தது. எதிர்க்கட்சியும் இரண்டாகப் பிரிந்து பான்ஃபிலோ லாக்சன் தனியாக நின்றார். மே 10 தேர்தலின் அதிகாரபூர்வ முடிவு: அரோயோ 1,29,05,808, எஃப்.பி.ஜே. 1,17,82,232. வித்தியாசம் சுமார் 11 லட்சம். லாக்சன் வாங்கியது சுமார் 35 லட்சம். இதை மட்டும் பார்த்தால் ஓட்டுப் பிரிந்ததுதான் காரணம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அதோடு முடியவில்லை. நாடாளுமன்றத்தில் வாக்குச் சான்றிதழ்களை எண்ணியபோது அவர் தரப்பு வக்கீல்கள் ஆட்சேபம் எழுப்ப எழுப்ப, ‘குறித்துக்கொண்டோம்’ என்ற ஒரே பதிலோடு அடுத்த மாகாணத்துக்குப் போனார்கள். தெற்கே மிந்தனாவோ தீவிலுள்ள மகிந்தனாவோ மாகாணத்தின் சில ஊர்களில் அவருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை என்று கணக்கு காட்டப்பட்டது. தெற்கே அவருக்கிருந்த செல்வாக்கை அறிந்தவர் யாரும் இதை நம்ப மாட்டார்கள். ஜூலையில் தேர்தல் முறையீடு தாக்கல் செய்தார். டிசம்பரில் கிறிஸ்துமஸ் விருந்து ஒன்றில் மயங்கி விழுந்தவர், பக்கவாதத்தால் நினைவு திரும்பாமலே 14ஆம் தேதி இறந்தார். வயது 65. மணிலா வடக்குக் கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஆறு மாதம் கழித்து, 2005 ஜூனில், அரோயோ குரல் என்று சொல்லப்பட்ட ஒலிநாடாக்கள் வெளியாயின. தேர்தல் ஆணையர் கார்சில்யானோவிடம் பத்து லட்சம் முன்னிலை பற்றிப் பேசும் குரல். ஒரு தேர்தல் அதிகாரியோடு பேசியது தவறுதான் என்று அரோயோ டிவியில் வருத்தம் தெரிவித்தார், ஏமாற்றியதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் சூசன் ரோசெஸ் கறுப்பு உடையில் பத்திரிகையாளர்களைச் சந்தித்து, அதிபர் பதவியை ஒரு முறை இல்லை, இரண்டு முறை திருடினாய் என்று வெடித்தார். அதுவரை அமைதியாகவே அறியப்பட்ட நடிகை அவர். பதவிநீக்க முயற்சி நாடாளுமன்றத்தில் தோற்றது, அரோயோ 2010 வரை ஆண்டார். 2006இல் எஃப்.பி.ஜே.க்குத் தேசியக் கலைஞர் பட்டம் அறிவித்ததும் அதே அரோயோ அரசுதான். குடும்பம் அவர் கையால் வாங்க மறுத்துவிட்டது. 2012இல் பெனிக்னோ அக்கினோ அதிபராக இருந்தபோதுதான் பெற்றுக்கொண்டார்கள்.

மகள் கிரேஸ் 2013 செனட் தேர்தலில் 2 கோடிக்கும் மேற்பட்ட ஓட்டு வாங்கி முதலிடத்தில் வந்தார். 2016இல் அதிபர் தேர்தலுக்கு நின்றபோது, பெற்றோர் யாரென்றே தெரியாதவர் எப்படிப் பிறப்பால் குடிமகள் என்று வழக்கு வந்தது. அப்பாவைப் போலவே உச்ச நீதிமன்றத்தில் வென்றார், அப்பாவைப் போலவே தேர்தலில் தோற்றார்.

இன்றைய தலைமுறைக்கு அவரைக் கொண்டுசேர்த்தது பெரும்பாலும் டிவி. அவருடைய 1990களின் ‘ஆங் ப்ரொபின்சியானோ’ படத்தைத் தழுவி 2015இல் கோகோ மார்ட்டின் நடிக்கத் தொடங்கிய தொடர் ஏழு ஆண்டுகள் ஓடியது. அதில் பாட்டியாக வந்தவர் சூசன் ரோசெஸ். 2022 மே மாதம் அவர் இறந்தபோதும் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கேஸான் நகரின் ரூஸ்வெல்ட் அவென்யூவுக்கு இப்போது ஃபெர்னாண்டோ போ ஜூனியர் பெயர். அங்குள்ள ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்.

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: முதலில் ‘ஆசெடில்லோ’, பிறகு ‘அகிலா’. கொட்டகை ஏன் கத்தியது என்று தெரிய வேண்டுமானால் ‘காப்பாக் புனோ நா ஆங் சாலோப்’. ‘பண்டாய்’ வரிசையில் முதல் பாகம் போதும். கடைசிப் படமான ‘பாக்னர்ஸ்’, 2003இல் பில்லியர்ட்ஸ் மேதை எஃப்ரென் ரேயெஸோடு நடித்தது, அவர் மீது பிரியம் வந்த பிறகு மட்டும்.